கடையில் கிடைக்காத காய்களை வீட்டில் விதை போட்டு வளர்க்க முடியுமா?

சிறகவரை (நான்கு பக்கமும் சிறகு போன்ற விளிம்புள்ள அவரை), பழுபாகல் (முள் முள்ளான சிறு பாகல் வகை), மூக்குத்தி அவரை (தடித்த காம்போடு சமைக்கும் கொடிக்காய்) ஆகியவற்றின் விதைகளை ஒரு விதைத் திருவிழாவில் வாங்கி மாடித் தோட்டத்தில் ஊன்றியதாகவும், அவற்றில் பாதி முளைக்கவே இல்லை என்றும், முளைத்தவையும் கொடியாகப் படர்ந்ததோடு சரி, காய்க்கவில்லை என்றும் குறிப்பிட்டு, விதை தரமற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். விதை பழையதாக இருந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கும். வெண்டையும் தக்காளியும் ஏறக்குறைய எந்தப் பட்டத்திலும், அதாவது எந்த விதைப்புப் பருவத்திலும், சீராக முளைத்துக் காய்க்கும்படி பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவை. நீங்கள் வாங்கிய மூன்றும் அந்த அளவுக்குப் பழக்கப்படாதவை. விதை உறக்கம் (ஈரம் கிடைத்தாலும் சில காலம் முளைக்காமல் கிடப்பது), பகல் நேரத்தைப் பார்த்துப் பூப்பது, ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனியாக இருப்பது போன்ற பழைய இயல்புகள் அவற்றில் இன்னும் மிச்சமிருக்கின்றன. அந்த இயல்பைத் தெரிந்துகொண்டு விதைத்தால் மூன்றையுமே வீட்டில் வளர்க்கலாம்.

சிறகவரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைப் போல வீட்டுக்குப் பயன்படும் கொடி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். பிஞ்சு, இளந்தளிர், பூ, முற்றிய விதை, வேர்க்கிழங்கு என அனைத்தும் உணவாகும் இந்தச் செடியைப் பற்றி 1975இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் தனி அறிக்கையே வெளியிட்டது; பப்புவா நியூகினியின் மலைநாடுகளில் இதைக் கிழங்குக்காகவே பயிரிடும் வழக்கமும் உண்டு. இதன் விதைத்தோல் மிகவும் கெட்டியானது. இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துக் காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பியிருக்கும், சில கல்லைப் போல அப்படியே கிடக்கும். உப்பியவற்றை உடனே ஊன்றிவிடலாம். உப்பாதவற்றை, முளைக்கண் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தோ, நகவெட்டியால் தோலை மட்டும் சிறிது கிள்ளியோ மறுபடியும் ஊறவைத்தால் அவையும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் விதைகளில் முளைக்காமல் போனவற்றில் ஒரு பகுதியாவது இப்படித் தோல் திறக்காமலேயே மண்ணுக்குள் கிடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காய்க்காததற்குக் காரணம் பட்டம். சிறகவரை குறும்பகல் தாவரம். பகல் 12 மணி நேரத்தை ஒட்டிச் சுருங்கும்போதுதான் பூக்கும். சென்னையில் ஜூன் மாதக் கடைசியில் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம் அளவிலும் இருக்கிறது. வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் செடிக்கு அதுவே போதும். தைப் பட்டத்தில் ஊன்றினால், சித்திரை, வைகாசி, ஆனி என நீண்ட பகலும் கடும் வெயிலும் உள்ள மாதங்களில் கொடி இலையாக மட்டுமே வளர்ந்துகொண்டிருக்கும். ஆடியில் ஊன்றினால், கொடி பந்தலை எட்டும் நேரமும் பகல் சுருங்கும் நேரமும் ஒன்றாக வந்து, ஐப்பசி, கார்த்திகையில் பூக்கத் தொடங்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொன்னது மழையை மனத்தில் வைத்துத்தான் என்றாலும், குறும்பகல் அவரைகளுக்கு அது இந்த வகையிலும் பொருந்துகிறது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத சிறகவரை வகைகளும் உருவாக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கைமாறி வரும் நாட்டு விதைகளைக் குறும்பகல் வகையாகக் கருதிக்கொள்வதே பாதுகாப்பானது. மாடியில் கொடி படரும் இடத்தில் இரவு முழுவதும் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்தாலும் பூப்பது தள்ளிப்போகலாம் என்பதால் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வேர் முடிச்சுகள் நன்றாகப் பிடித்து, அவற்றின் மூலம் காற்றிலிருந்தே தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும் செடி இது. தழைச்சத்து மிகுந்த உரத்தைத் தொடர்ந்து கொடுத்தால் இலைதான் பெருகும். காயைப் பிஞ்சாக, விரலால் ஒடித்தால் ஒடியும் பருவத்தில் பறித்துவிட வேண்டும். சில நாட்கள் விட்டாலும் நாராகிவிடும்.

பழுபாகலின் கதை வேறு. பழத்திலிருந்து எடுத்தவுடன் ஊன்றிய விதை பெரும்பாலும் முளைக்காது, ஏனென்றால் அது சில மாதங்கள் உறக்கத்தில் இருக்கும். உறக்கம் கலைந்த பிறகும் எல்லா விதையும் ஒரே வாரத்தில் முளைப்பதில்லை என்பதால், முளைக்காத தொட்டியை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். அதைவிட முக்கியமானது, இதில் ஆண் கொடியும் பெண் கொடியும் வேறு வேறு. பூக்கும் வரை எது எதுவென்று தெரியாது. ஒரே ஒரு கொடி வைத்திருப்பவர் அது நன்றாகப் பூத்தும் காய்க்கவில்லையே என்று வருந்துவதற்கு இதுதான் காரணம். ஐந்தாறு கொடிகளையாவது வளர்த்து, பூத்த பின், பூவுக்கு அடியில் முள் முள்ளாகச் சிறு பிஞ்சு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது பெண். ஓர் ஆண் கொடியை வைத்துக்கொண்டு மற்ற ஆண்களை எடுத்துவிடலாம். பூ மாலையில்தான் விரியும், இரவுப் பூச்சிகளை நம்பியிருக்கும்; நகர மாடிகளில் அவை வருவது குறைவு என்பதால், இருட்டும் வேளையில் ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் நீங்களே தடவிவிடுவது நல்லது. பருவம் முடிந்து கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். அந்தத் தொட்டியைக் கலைக்காமல் வைத்திருந்தால் அடுத்த மழைக்குத் தானே துளிர்க்கும், அப்போது ஆண் எது, பெண் எது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இதன் உறவான அதலைக்காயை வளர்க்க ஆசைப்படுபவர்களும் உண்டு. மதுரை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் வடகிழக்குப் பருவமழைக்குத் தானாக முளைக்கும் கொடி அது. விதையிலிருந்து அதைக் கொண்டுவருவது கடினம். கிழங்கு கிடைத்தால் அதையே நடுங்கள். பறித்த காயை மறுநாளுக்கு வைத்தால் வெடித்துவிடும், ஆகவே வீட்டு வாசலிலேயே அதை வைத்திருப்பதில் உண்மையான பயன் இருக்கிறது.

மூக்குத்தி அவரைக்குப் பட்டச் சிக்கல் அதிகமில்லை. கறுத்த, கெட்டியான விதையைச் சிறகவரைக்குச் சொன்னது போலவே தேய்த்து ஊறவைத்தால் போதும். பச்சையாக, சதைப்பற்றுடன் தடித்திருக்கும் காம்போடு சேர்த்துப் பிஞ்சிலேயே பறித்துச் சமையுங்கள். முற்றிய விதைக்குப் பேதியைத் தூண்டும் தன்மை உண்டு. அடுத்ததாக வாளவரையும் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது எளிதாக முளைக்கும், ஆனால் அதிலும் இளங்காயை மட்டுமே உண்ண வேண்டும். முற்றிய கொட்டையில் நச்சுத்தன்மையுள்ள பொருட்கள் இருப்பதால், ஊறவைத்து, தோல் நீக்கி, நீரை மாற்றி மாற்றி வேகவைக்கத் தெரியாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மண்கலவை பற்றிக் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. செம்மண், மட்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு கலந்து நீர் தேங்காமல் இருந்தால் போதும். விதையின் பருமனைப் போல இரு மடங்கு ஆழத்தில் ஊன்றுங்கள்.

விதை எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடையில் கிடைக்காத காயை வளர்ப்பவருக்கு அடுத்த ஆண்டு விதையும் கடையில் கிடைக்காது என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். அவரை இனங்கள் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. நல்ல கொடியில் முதலில் வந்த சில காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு எடுத்தால் போதும். பூசணிக் குடும்பத்துக் காய்கள் அப்படியல்ல. பக்கத்து வீட்டில் நீளச் சுரையும் உங்கள் வீட்டில் குடுவைச் சுரையும் இருந்தால், உங்கள் விதையிலிருந்து அடுத்த முறை எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுரை மாலையில் விரியும் பூ. அன்றைக்கு விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மதியமே நூலால் கட்டிவைத்து, மாலையில் அவிழ்த்து மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடியும் கட்டி, அந்தக் காம்பில் அடையாளத்துக்கு ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் இதையே முந்தின நாள் மாலையில் கட்டி, காலையில் செய்ய வேண்டும். மிதிபாகலும் (சிறு காய் காய்க்கும் பாகல்) பெரிய பாகலும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கலந்த சுரை விதையில் ஆபத்தும் இருக்கிறது. கசக்கும் சுரைக்காயில் உள்ள நச்சுப்பொருள் வேகவைத்தாலும் போகாது, கடும் வாந்தியை உண்டாக்கும். எனவே வீட்டு விதையில் வந்த சுரையைச் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

எடுத்த விதையை நிழலில் நன்றாக உலர்த்துங்கள். அவரை விதைகளில் வண்டின் முட்டை பெரும்பாலும் கொடியிலேயே வந்துவிடுவதால், சாம்பல் கலந்து வைப்பதோடு, நன்கு காய்ந்தவற்றை மூடிய புட்டியில் போட்டுச் சில நாட்கள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் புழு பிடிக்காது. புட்டியின் மேல் காயின் பெயர், விதைத்த மாதம், பூத்த மாதம் ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே பட்டத்தில் ஊன்றிவிடாமல் பாதியை நிறுத்திவைத்து, அதிலும் ஒரு பிடியை வேறோர் ஊரில் தோட்டம் வைத்திருக்கும் உறவினருக்கோ நண்பருக்கோ கொடுத்துவிடுங்கள். ஒரு பெருமழையில் உங்கள் கொடிகள் அழுகிப்போனாலும் அவரிடமிருந்து அந்த விதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.