சுண்ணாம்பு போட்டும் மஞ்சள் போகவில்லையா?

பெங்களூரு பீன்யாவில் குரோம் பிளேட்டிங் (உலோகத்தின் மேல் குரோமியம் பூசும்) பட்டறை, பூசிய பொருளைக் கழுவிய தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு போட்டும் மஞ்சள் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள் நண்பரே. அந்த மஞ்சள்தான் ஹெக்சாவேலன்ட் குரோமியம், தண்ணீரில் கரைந்தே நிற்கும் நச்சு வகைக் குரோமியம். சுண்ணாம்புக்கு அது படியாது. முதலில் கந்தக அமிலம் விட்டு, அமில-கார அளவான பிஎச்சை 2.5க்கு இறக்குங்கள். அப்புறம் சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். நெடி மூச்சை அடைக்கும், காற்றோட்டம் வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் போய்ப் பச்சை வந்திருக்கும். அரை மணி நேரம் கழித்துச் சுண்ணாம்பு, பிஎச் 8.5 வந்ததும் பச்சைக் கசடு பஞ்சு பஞ்சாக இறங்கும்.

வேறு பூச்சுக்குச் சயனைடு தொட்டி வைத்திருந்தால், அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட இதில் சேரக் கூடாது. அமிலம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு வரும், தயவுசெய்து தனிக் குழாய் போடுங்கள்.

கசடு இறங்கியபின் தெளிந்த நீரை, பூசிய பொருளின் முதல் கழுவலுக்கு மட்டும் எடுங்கள். அதில் உப்பு ஏறியிருக்கும், கடைசிக் கழுவலில் விட்டால் பளபளப்பில் கறை நிற்கும்.