செம்பனை ஆலையிலிருந்து அணு உலைக்கு

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். அணு என்றாலே குண்டு என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். ஆய்வுக்கூட வசதி அதிகம் இல்லாத நிலையில், அணுமின் உற்பத்தியை எவ்வாறு விளக்குவது?

பதில்: அணுவிலிருந்து தொடங்க வேண்டாம், உங்கள் மாணவர்கள் அறிந்த செம்பனை ஆலையிலிருந்து தொடங்குங்கள். பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் நாரும் கொட்டை ஓடும் கொதிகலனில் எரிகின்றன. அந்த வெப்பத்தில் நீர் ஆவியாகிச் சுழலியைச் சுற்ற, அதனோடு இணைந்த மின்னாக்கி ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகிறது. அணுமின் நிலையத்திலும் ஆவி, சுழலி, மின்னாக்கி ஆகிய மூன்றும் உண்டு, மாறுவது அடுப்புதான். அளவும் மாறுகிறது: ஆலையின் சுழலி பெரும்பாலும் ஓரிரு மெகாவாட் திறனுடையது, தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் இயங்கும் ஓர் உலையோ 1000 மெகாவாட் திறனுடையது.

அந்த அடுப்பில் நெருப்பே இல்லை என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு காகித உருண்டைகள் இருக்கட்டும். தன்மேல் உருண்டை பட்டவர் தம்முடைய இரண்டையும் மேலே எறிய வேண்டும். நீங்கள் ஒன்றை வீசியதும் சில நொடிகளில் திடல் முழுவதும் உருண்டைகள் பறக்கும். உலையின் எரிபொருளான யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம்-235இன் அணுக்கரு, நியூட்ரான் என்னும் நுண்துகளால் தாக்கப்பட்டுப் பிளக்கும்போது வெப்பத்தோடு இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்களும் வெளிப்பட்டு அடுத்த கருக்களைப் பிளப்பது இவ்வாறுதான். மறுமுறை ஐந்தாறு பேரைக் கூட்டத்திற்குள் நிறுத்தி, வரும் உருண்டைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களே, உலையில் நியூட்ரான்களை உறிஞ்சிக்கொள்ளும் கட்டுப்பாட்டுத் தண்டுகள். ஒரு பிளவிலிருந்து சராசரியாக ஒரே ஒரு நியூட்ரான் மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கினால் உலை சீராக இயங்கும். மின் உலைகளின் எரிபொருளில் யுரேனியம்-235இன் பங்கு பொதுவாக 3 முதல் 5 விழுக்காடுதான் என்பதால், அது அணுகுண்டைப் போல வெடிக்க இயலாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பல ஆசிரியர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஆலையில் நார் போடுவதை நிறுத்தினால் அடுப்பு மெல்ல அணைந்துவிடும். அணு உலையில் பிளவை முற்றாக நிறுத்திய பின்னும், பிளந்த துண்டுகள் கதிரியக்கத்தால் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் முழுத் திறனின் ஏறத்தாழ 6 விழுக்காடும், ஒரு நாள் கழித்து ஏறத்தாழ அரை விழுக்காடும் வெப்பமாக வெளிவரும். கூடங்குளம் போன்ற 3000 மெகாவாட் வெப்பத் திறனுள்ள (அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாகிறது) உலையில் அந்த அரை விழுக்காடே 15 மெகாவாட். ஆகவே, நின்றுவிட்ட உலைக்கும் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் நிலநடுக்கம் ஏற்பட்டதுமே இயங்கிய உலைகள் தாமாக நின்றன. ஆனால் பின்னர் வந்த ஆழிப்பேரலை அவசர டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்ததால் குளிரூட்டல் தடைபட்டு எரிபொருள் உருகியது. இதைப் புரிந்துகொண்ட மாணவன், அச்சத்திற்கான காரணத்தையும் சரியாகச் சொல்வான்.

படம் வரையும்போது ஒரு பிழையைத் தவிர்க்கலாம். அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து எழும் வெண்மேகத்தை ஆலைப் புகையாக எண்ணிக் கருமை தீட்டுவார்கள். அது நீராவி குளிர்ந்து உண்டான நீர்த்துளிகளே. கடல்நீரால் குளிர்விக்கும் கூடங்குளத்தில் அந்தப் பெரிய கோபுரங்களே கிடையாது.

பேராக்கில் நீங்கள் இருப்பதால், வீட்டுப் பெரியவர்கள் ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவைக் குறிப்பிடக்கூடும். 1980களில் அங்கு எதிர்ப்பைச் சந்தித்தது, அருமண் எனப்படும் உலோகங்களைத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்த தொழிற்சாலை. சிக்கல் அதன் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த கழிவில் இருந்தது. அந்தக் கவலையைத் தள்ளிவிடாமல், அது மின் உலை அல்ல என்பதை மட்டும் தெளிவுபடுத்துங்கள். நம் நாட்டில் உலை உண்டா என்று கேட்டால், பாங்கியில் 1982 முதல் இயங்கும் 1 மெகாவாட் வெப்பத் திறனுள்ள ஆராய்ச்சி உலை உண்டு, அதிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுவதில்லை என்று கூறலாம்.