எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருக்கும்போது, செல்லைப் பார்க்கச் சாதாரண மைக்ரோஸ்கோப் எதற்கு?

லட்சம் மடங்கு பெரிதாக்கும் கருவி வந்த பிறகும் கல்லூரி லேபில் ஏன் பழைய மைக்ரோஸ்கோப்பையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் ஒரு காரணம்தான். ஆனால் கோடிக்கணக்கில் கருவி வாங்கிப் போட்டிருக்கும் ஆய்வுக்கூடத்திலும் சாதாரண மைக்ரோஸ்கோப் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். செல்லிடம் நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள், அதற்காக அந்தச் செல்லை என்ன பாடு படுத்தத் தயாராக இருக்கிறீர்கள் என்பதுதான் கருவியை முடிவு செய்கிறது.

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன், இப்போது கடலூரில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். அதனால் எனக்குப் பழக்கமான டயட்டத்தை வைத்தே சொல்கிறேன். சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசி அது. உப்பனாற்று முகத்துவாரத்தில் பிளாங்டன் வலையை (நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் வலை) இழுத்தால் ஒரு சொட்டிலேயே நிறையக் கிடைக்கும்.

அந்தச் சொட்டை ஸ்லைடில் வைத்து 10 எக்ஸ், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பல வகை டயட்டம் தெரியும். காசினோடிஸ்கஸ் வட்டமாகக் கிடக்கும். கீட்டோசெரஸ் நீண்ட முட்களோடு சங்கிலியாகக் கோத்திருக்கும். நேவிகுலா மெதுவாக ஊர்ந்து போகும். இந்த ஊர்தலை எந்த எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பிலும் உங்களால் பார்க்க முடியாது.

சரி, அப்படியே பெரிதாக்கிக்கொண்டே போனால்? ஒரு இடத்தில் ஒளியே தடுத்துவிடும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் சொன்ன எல்லை இது, ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்தது. இரண்டு புள்ளிகள் ஏறக்குறைய 200 நானோமீட்டரைவிட (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நெருங்கி இருந்தால், எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் அவை ஒன்றாகத்தான் தெரியும். 100 எக்ஸ் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே எண்ணெய் விடுவது இந்த எல்லைவரை போகத்தான். ப்ளூரோசிக்மா என்ற டயட்டத்தின் ஓட்டில் உள்ள நெருக்கமான கோடுகள் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்து லென்ஸின் தரத்தைச் சோதிக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆன்லைனில் ‘2000 எக்ஸ்’ என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் 100 எக்ஸ் லென்ஸுக்கு மேல் 20 எக்ஸ் ஐபீஸைச் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) செருகியது. படம் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. வாங்காதீர்கள்.

குறைந்த உருப்பெருக்கத்தை இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் கொசு வழிப் பரவும் நோய்களை ஆராய 1975-இல் தொடங்கிய மையம் இருக்கிறது. அங்கே முக்கியமான வேலைகளில் ஒன்று யானைக்கால் நோய். அதன் இளம்புழு கால் மில்லிமீட்டர் அளவு நீளம் இருக்கும். இரவில் எடுத்த ரத்தத்தில் அதைத் தேடிப் பிடிக்க 10 எக்ஸ் லென்ஸே போதும். அங்கே முக்கியம் ரத்தம் எடுக்கும் நேரம்.

என்னைக் கேட்டால், கல்லூரிகளில் உரிய மரியாதை கிடைக்காத கருவி ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்தான். உயிருள்ள செல் பெரும்பாலும் நிறமற்றது, கண்ணாடி மாதிரி ஒளியை விட்டுவிடும். சாயம் ஏற்றினால் தெரியும், ஆனால் வகுப்பில் நாம் பயன்படுத்தும் முறைகளில் அதற்குள் செல் பெரும்பாலும் செத்துவிடும். செல்லுக்குள் புகுந்து வரும் ஒளி, வெளியே நேராக வரும் ஒளியைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பின்தங்கலை வெளிச்சமாகவும் இருட்டாகவும் மாற்றிக் காட்டும் வழியைக் கண்டுபிடித்தவர் ஃப்ரிட்ஸ் ஜெர்னிகே. அதற்கு 1953-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சாயமே இல்லாமல் கீட்டோசெரஸின் மெல்லிய முள்கூடப் பளிச்சென்று தெரியும்.

ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பின் கேள்வி வேறு. நீல ஒளி பட்டால் பச்சையம் தானாகவே சிவப்பாக ஒளிரும். உள்ளே பச்சையம் உள்ள டயட்டம் எது, காலி ஓடு எது என்று பார்த்தவுடனே பிரித்துவிடலாம். விலங்குச் செல்லில் பச்சையம் கிடையாது. அங்கே நமக்கு வேண்டிய புரதத்தோடு ஒளிரும் பொருள் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். ஜெல்லிமீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். 2014-இல் அபேயின் எல்லையைத் தாண்டிப் பார்த்தவர்களுக்குக் கொடுத்தார்கள், அதுவும் ஃப்ளோரசன்ஸை வைத்துத்தான். கான்ஃபோகல் என்பது இதன் உறவு: ஒரு சிறு துளை வைத்து, ஃபோகஸில் இல்லாத தளத்திலிருந்து வரும் ஒளியை வடிகட்டிவிடும்.

அப்புறம் நீங்கள் கேட்ட எலக்ட்ரான். 100 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர்தான். அலைநீளம் இவ்வளவு சிறிதாக இருப்பதால் அபே சொன்ன எல்லை எங்கேயோ போய்விடும். ஆனால் எலக்ட்ரான் காற்றில் சிதறும் என்பதால் உள்ளே வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீர் நிற்காது. செல்லோ பெரும்பகுதி தண்ணீர்.

ஓட்டின் துளைகளை எஸ்.இ.எம்-மில் (மேற்பரப்பைக் காட்டும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) பார்க்க வேண்டும் என்றால், டயட்டத்தை அமிலத்திலோ ஹைட்ரஜன் பெராக்சைடிலோ போட்டு உள்ளே இருப்பதையெல்லாம் எரித்து, கழுவி, உலர்த்தி, மேலே மெல்லிய தங்கப் பூச்சு கொடுப்போம். குடியிருந்தவரைக் காலி செய்துவிட்டு வீட்டைப் படம் எடுப்பது போலத்தான். எந்த இனம் என்று அடையாளம் காண அந்த வீடுதான் வேண்டும், அதனால் குறை சொல்ல மாட்டேன்.

செல்லின் உள்ளே பார்க்க வேண்டும் என்றால் டி.இ.எம்., அதாவது எலக்ட்ரானை மாதிரிக்குள் ஊடுருவவிட்டுப் பார்க்கும் மைக்ரோஸ்கோப். குளூட்டரால்டிஹைட் என்ற வேதிப்பொருளில் செல்லை அப்படியே நிறுத்தி, உள்ளே இருப்பது எடுப்பாகத் தெரிய ஆஸ்மியம் என்ற கன உலோகத்தை ஏற்றி, ரெசினில் பதித்து, கண்ணாடி அல்லது வைரக் கத்தியால் 70, 80 நானோமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். 30 மைக்ரான், அதாவது 30,000 நானோமீட்டர் அளவுள்ள செல் ஒன்று ஏறக்குறைய 400 சீவல் ஆகும். நீங்கள் பார்ப்பது அதில் ஒன்று. நீளமான மைட்டோகாண்ட்ரியா குறுக்கே வெட்டுப்பட்டால் வட்டமாகத் தெரியும், நெடுக்கே பட்டால் நீளமாகத் தெரியும். பாடப்புத்தகப் படத்தை நம்பி, ஒரே சீவலில் வடிவத்தை முடிவு செய்யக் கூடாது. புரதம் போன்ற உயிர் மூலக்கூறுகளை நொடியில் உறையவைத்துத் தண்ணீரோடேயே பார்க்கும் கிரையோ முறைக்கு 2017-இல் நோபல் கொடுத்தது இந்தத் தலைவலிகளெல்லாம் இருப்பதால்தான்.

எஸ்.இ.எம்-முக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ கேட்டுப் பாருங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் மாதிரியைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தேடுவது அதில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் லேபில் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் இல்லையென்றால், ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழே உள்ள கண்டென்சரின் (ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) ஐரிஸை, அதாவது ஒளி வரும் திறப்பைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். நுணுக்கம் சற்றுக் குறையும், ஆனால் சாயம் போடாத செல்லின் ஓரம் எடுப்பாகத் தெரியும்.