1952-இல் ஒரு லண்டன் சமையலறை: ரேடியோவில் என்ன ஓடியிருக்கும்?

கேள்வி: குறுநாவல் ஒன்று எழுதுகிறேன். 1952 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. லண்டனுக்குப் படிக்கப் போன இளைஞன் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீடு. வீட்டுக்கார அம்மாள் நாள் முழுக்க டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகிறார், அதில் பிபிசி ரேடியோ 4 ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த நேரத்தில் என்ன நிகழ்ச்சி என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முதலில் அந்த டிரான்சிஸ்டரை அம்மாளின் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். பிரிட்டனில் அது கடைக்கு வந்தது 1956-இல். ரேடியோ 4 என்ற பெயர் 1967-இல்தான் வந்தது. உங்கள் அம்மாளிடம் இருந்தது சமையலறை அலமாரியில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத, உள்ளே கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ரேடியோ. அவர் அதை 'ரேடியோ' என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார், 'வயர்லெஸ்' என்பதுதான் அந்தத் தலைமுறையின் வாய்ச்சொல். குமிழைத் திருகியதும் சத்தம் வராது, கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும், வால்வு சூடாக அரை நிமிடமாவது ஆகும், லேசாக ஒரு உறுமல் கேட்கும், அப்புறம்தான் குரல். அந்த அரை நிமிடத்தில் உங்கள் இளைஞன் வாடகை பாக்கியைப் பற்றிப் பேச்செடுக்கலாம், இடம் தோதாக இருக்கிறது.

அன்று பிபிசிக்கு உள்நாட்டில் மூன்று அலைவரிசைகள். செய்தி, நாடகம், உரைகளுக்கு ஹோம் சர்வீஸ். பாட்டு, சிரிப்பு, தொடர்களுக்கு லைட் புரோகிராம். மாலை 6 மணிக்கு மேல் மட்டும் வரும் தேர்ட் புரோகிராம் கனமான சங்கீதத்துக்கும் இலக்கியத்துக்கும் ஆனது, உங்கள் அம்மாள் அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பியிருக்கவே மாட்டார் என்பது என் ஊகம்.

சரி, நாள் எப்படிப் போயிருக்கும்? காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் ஹோம் சர்வீஸில் செய்தி. 9 மணிக்கு மேல் லைட் புரோகிராமுக்கு மாறினால் 9.10-க்கு 'ஹவுஸ்வைஃப்ஸ் சாய்ஸ்', நம் நேயர் விருப்பம் மாதிரி இல்லத்தரசிகள் எழுதிக் கேட்ட பாட்டுகள். 10.30-க்கு 'மியூசிக் வைல் யூ வொர்க்'. போர்க்காலத்தில், 1940-இல், தொழிற்சாலைகளில் வேலை சோர்வில்லாமல் நடக்க வேண்டும் என்று ஆரம்பித்த அரைமணி நேர இசை இது. நடுவே பேச்சு கிடையாது, தூங்கவைக்கும் மெட்டும் கூடாது. ஒரு அமெரிக்கப் பாட்டில் கைதட்டும் இடம் வருகிறது, ஆட்கள் கருவியால் இயந்திரத்தைத் தட்டிவிடுவார்கள் என்று அதையே தடை செய்திருந்தார்கள்!

பிற்பகல் 1.45-க்குக் குழந்தைகளுக்கு 'லிஸன் வித் மதர்', 2 மணிக்கு 'விமன்ஸ் அவர்', 4 மணிக்கு ஒரு டாக்டர் மனைவியின் குடும்பக் கதையான 'மிஸஸ் டேல்ஸ் டைரி'. நம் வீட்டு சீரியல் மாதிரிதான், தவறவிட்டால் மறுநாள் காலை 11 மணிக்கு மறு ஒலிபரப்பு. மாலை 6.45-க்கு 'தி ஆர்ச்சர்ஸ்', கிராமத்துக் குடும்பத் தொடர், நாடு முழுக்க வரத் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இரவு 9 மணிக்கு ஹோம் சர்வீஸில் பிக் பென் மணியோசை, தொடர்ந்து செய்தி. விளம்பரம் எங்குமே வராது, பிபிசி உரிமக் கட்டணத்தில் ஓடியது, ரேடியோவுக்கு வருடம் ஒரு பவுண்டு. விளம்பரம் கேட்க வேண்டுமென்றால் இரவில் ரேடியோ லக்சம்பர்க் பிடிக்க வேண்டும், அதுவும் கரகரவென்று மங்கி மங்கித்தான் கேட்கும்.

இன்னொன்று. செய்திக்கு முன் நேரம் காட்ட வரும் ஆறு 'பிப்' ஒலிகளில் கடைசியை நீளமாக எழுதிவிடாதீர்கள். ஆறும் ஒரே அளவுதான், கடைசி ஒலி நீண்டது 1972-லிருந்து.

சரிபார்க்க 'பிபிசி ஜீனோம்' தளம் போதும், இலவசம். 1923 முதல் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் வந்த நிகழ்ச்சி நிரல் முழுக்க இருக்கிறது, தேதியும் அலைவரிசையும் கொடுத்துத் தேடலாம். ஹோம் சர்வீஸ் என்றால் லண்டன் பகுதி நிரலைப் பாருங்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் நிகழ்ச்சி மாறும். ஆனால் அதை அப்படியே நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். அது முன்கூட்டியே அச்சான நிரல், உண்மையில் ஒலித்ததன் பதிவு அல்ல. உங்கள் புதன்கிழமையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1952 பிப்ரவரி 6 புதன்தான். அன்று அதிகாலை மன்னர் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்துபோனார். காலை 11.15-க்கு பிபிசி அறிவிப்பாளர் ஜான் ஸ்நாக் அதை வானொலியில் அறிவித்தார், வழக்கமான நிகழ்ச்சிகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஜீனோமில் அந்தத் தேதியைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலப் பாட்டும் தொடருமாக வரிசையாக இருக்கும்.

இறுதிச் சடங்கு 15-ஆம் தேதி, ஆக 13-ஆம் தேதி புதனும் துக்க நாளுக்குள் வருகிறது. சாதாரண நாள்தான் வேண்டும் என்றால் 20 அல்லது 27. நானாக இருந்தால் 6-ஐத்தான் எடுப்பேன், 11.15 வரை மேலே சொன்ன வரிசை, அதன்பிறகு அந்த அறிவிப்பு.

பையன் ஊர் நினைப்பில் அந்த ரேடியோவில் பிபிசி தமிழ் ஒலிபரப்பைத் தேடுவதாக எழுத ஆசை வரும். அந்தச் சேவை 1941-லேயே தொடங்கிவிட்டது உண்மைதான். ஆனால் அது நம் பக்கத்துக்கு சிற்றலையில் அனுப்பியது, அம்மாளின் மூன்று அலைவரிசைகள் எதிலும் வராது.