புயலும் ஜெனரேட்டரும்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு எலக்ட்ரீஷியனின் பதில்

கொருக்குப்பேட்டை வாசகர்: அண்ணா, மழையில் நனையாமல் ஜெனரேட்டரை வீட்டு நடையில் வைத்து, கதவைத் திறந்துவிட்டால் போதுமா?

போதாது தம்பி. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவைத் திறந்தாலும் ஃபேனைப் போட்டாலும் அது வீட்டுக்குள் சேரும். 20 அடியாவது தள்ளி வைத்து, சைலன்சர் வாயை ஜன்னல் இல்லாத பக்கம் திருப்ப வேண்டும். உங்கள் சந்தில் 20 அடி தள்ளினால் அடுத்தவர் ஜன்னல் வந்துவிடும், தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இன்வெர்ட்டர்தான் சரி. விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

திருவொற்றியூர் வாசகர்: மொட்டை மாடியில் தார்ப்பாய் போர்த்தி ஓட்டலாமா?

போர்த்தக் கூடாது. சூட்டில் தார்ப்பாய் தீப்பிடிக்கும். நாலு கம்பம் நட்டு, தலைக்கு மேல் உயரமாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மெஷினைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். படிக்கட்டுக் கதவு மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் புகை வீட்டுக்குள் இறங்கும்.

ஆனால் காற்று உச்சத்தில் இருக்கும்போது எந்தக் கொட்டகையும் நிற்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையே வேரோடு சாய்த்ததே! அந்த நேரத்தில் ஓட்டவே வேண்டாம். காற்று அடங்கிய பிறகும் கரண்ட் வரத் தாமதமாகும், ஜெனரேட்டர் அப்போதுதான் உதவும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் வரை சாமான் தாங்கும்.

ராயபுரம் வாசகி: அண்ணா, பக்கத்து வீட்டில் இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை பிளக் பாயிண்டில் சொருகுகிறார்கள். நாங்களும் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம் அக்கா. மெயினை அணைக்க மறந்தால் ஜெனரேட்டர் கரண்ட் அந்த வயர் வழியாகத் தெரு லைனுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பல மடங்கு வோல்டேஜாக ஏற்றிவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பம் ஏறுகிற லைன்மேன் உயிர் போய்விடும். வயரின் ஒரு முனை கழன்றாலே, வெளியே நிற்கிற பிளக் முள்ளில் கரண்ட் இருக்கும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுங்கள், லைசென்ஸ் உள்ளவரை வைத்து. தெரு லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும்தான் அது வீட்டோடு இணைக்கும்.

வியாசர்பாடி வாசகர்: 2 கேவிஏ மெஷினில் 1 ஹெச்பி மோட்டார் ஓடுமா?

சந்தேகம். 2 கேவிஏ என்றால் சுமார் 1600 வாட். மோட்டார் ஓடும்போது அதற்குள் அடங்கும். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும்.

எண்ணூர் வாசகர்: ஓடும்போதே பெட்ரோல் ஊற்றலாமா? அப்புறம், தலைவலி வந்தால்?

அணைத்து, ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் மாத்திரை தேடாதீர்கள். எல்லோரையும் வெளியே அழைத்து வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.