சுக்கோத்கா தொகுதி: அட்டவணையில் இருப்பது காலியிடம் அல்ல

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக ரஷ்ய நாடாளுமன்றக் கீழவையான டூமாவில், அந்நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள தன்னாட்சி வட்டாரமான சுக்கோத்கா தொகுதியின் தேர்தல் வரலாற்றை எடுத்திருக்கிறேன். ஆய்வு உதவி மையம் ஒன்றில் பணம் கட்டி வாங்கிய அட்டவணையில் 1999 முதல் 2003 வரை ரோமன் அப்ரமோவிச் உறுப்பினர் என்றும், 2007, 2011 ஆகிய ஆண்டுகளுக்கு எதிரே ‘காலியிடம்’ என்றும் உள்ளது. தொகுதியின் பழைய எண்ணும் புதிய எண்ணும் வேறாக இருக்கின்றன. இதை ஒரே தொகுதியின் வரலாறாக எழுதலாமா? நெறியாளர் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: ஒரே தொகுதியின் வரலாறாகத் தாராளமாக எழுதலாம். ஆனால், நீங்கள் விலைக்கு வாங்கிய அட்டவணையை வைத்துக்கொண்டு எழுத முடியாது. அதில் நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வரிகளுமே தவறு.

முதலில் ‘காலியிடம்’ என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். உறுப்பினர் இறந்தோ விலகியோ போய், இடைத்தேர்தலுக்குக் காத்திருக்கும் இருக்கையைத்தான் காலியிடம் என்போம். 2007-இலும் 2011-இலும் சுக்கோத்காவில் காலியாக இருப்பதற்குத் தொகுதி என்ற ஒன்றே இல்லை. 1993 டிசம்பர் 12 அன்று நடந்த முதல் தேர்தலிலிருந்து 2003 வரை டூமாவின் 450 இடங்களில் 225 பேர் ஒற்றை உறுப்பினர் தொகுதிகளிலிருந்தும், 225 பேர் கட்சிப் பட்டியல்களிலிருந்தும் வந்தார்கள். 2005-இல் இயற்றப்பட்ட சட்டம் தொகுதிகளை அடியோடு ஒழித்து, 450 இடங்களையும் கட்சிப் பட்டியலுக்கே கொடுத்தது. 2014-இல் வந்த சட்டம் பழைய கலப்பு முறையை மீட்டது. அதன்படி நடந்த முதல் பொதுத்தேர்தல் 2016 செப்டம்பர் 18-இல் நடந்தது. ஆகவே அந்த இரண்டு தேர்தல்களுக்கும் எதிரே ‘தொகுதி முறை நடைமுறையில் இல்லை’ என்று எழுதுவதே சரி.

எண் மாறியதைப் பார்த்து மிரள வேண்டாம். முறை ஒழிக்கப்படுவதற்கு முன் சுக்கோத்காவின் எண் 223. 2016 முதல் 224. பழைய வரிசையில் 224 என்பது சைபீரியாவின் நடுப்பகுதியில் உள்ள எவென்கியா. அந்தத் தன்னாட்சி வட்டாரம் 2007 ஜனவரி 1 முதல் கிராஸ்னயார்ஸ்க் பிரதேசத்துடன் இணைக்கப்பட்டதால் அதன் தனித்தொகுதியும் மறைந்தது. எண்ணை மட்டும் வைத்துத் தேடுபவர்கள் 2003-க்கு எவென்கியாவின் முடிவையும் 2016-க்குச் சுக்கோத்காவின் முடிவையும் ஒரே நெடுவரிசையில் ஒட்டிவிட்டு, வாக்காளர்களின் மனநிலை தலைகீழாக மாறிவிட்டதாக ஆராய்ச்சி செய்யத் தொடங்கிவிடுவார்கள். எப்போதும் பெயரையும் நிலப்பரப்பையும் வைத்தே தேடுங்கள். சுக்கோத்காவில் தொகுதியின் எல்லையும் தன்னாட்சி வட்டாரத்தின் எல்லையும் ஒன்றே என்பதால், இரண்டு காலகட்டங்களையும் ஒப்பிட நிலப்பரப்பில் தடை ஏதுமில்லை.

அடுத்து அப்ரமோவிச். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆய்வேடுகள் வழுக்கி விழும் இடம் இதுதான். எண்ணெய்த் தொழிலதிபரான அவர் 1999 டிசம்பர் 19 தேர்தலில் இந்தத் தொகுதியில் வென்றது உண்மை. மறு ஆண்டே, 2000 டிசம்பர் 24 அன்று, அதே சுக்கோத்காவின் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். அதுவரை ஆளுநராக இருந்த அலெக்சாந்தர் நசாரவ் போட்டியிலிருந்து விலகிக்கொள்ள, அப்ரமோவிச் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் வென்றார். ஒருவர் ஒரே நேரத்தில் ஆளுநராகவும் டூமா உறுப்பினராகவும் இருக்க ரஷ்யச் சட்டம் இடம் தராது. எனவே இடத்தை விட்டார். 2001-இல் இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்றவர் சுக்சி இனத்தைச் சேர்ந்த விளாதிமிர் எத்தீலின். ஆக, 1999-இல் அமைந்த மூன்றாவது டூமாவில் இந்தத் தொகுதிக்கு ஒருவர் பின் ஒருவராக இரண்டு உறுப்பினர்கள். பொதுத்தேர்தல் முடிவுகளை மட்டும் திரட்டும் பட்டியலில் எத்தீலின் பெயர் வராது. ஆனால், மண்ணின் பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்த காலம் உங்கள் ஆய்வுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு: அப்ரமோவிச் 2008 வரை ஆளுநராகவும், அதன் பின் 2013 வரை சுக்கோத்காவின் வட்டாரச் சட்டமன்றத் தலைவராகவும் இருந்தார். அந்தச் சட்டமன்றத்துக்கும் டூமா என்றுதான் பெயர். இதைக் கவனிக்காமல் 2008-க்குப் பிறகும் அவரை நாடாளுமன்ற டூமாவின் உறுப்பினராகக் காட்டிய அட்டவணையை நானே பார்த்திருக்கிறேன். அதுவும் கட்டணம் பெற்றுக்கொண்டு கொடுக்கப்பட்டதுதான்.

இத்தனை சிறிய வாக்காளர் தொகைக்கு ஒரு முழுத்தொகுதியா என்று நெறியாளர் கட்டாயம் கேட்பார். கூட்டாட்சியின் ஒவ்வோர் உறுப்புக்கும் குறைந்தது ஒரு தொகுதி தரப்பட வேண்டும் என்பது விதி. நாட்டின் வாக்காளர்களை 225-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் வாக்காளர்கள் வர வேண்டும். ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த சுக்கோத்காவிலோ குழந்தைகளையும் சேர்த்தே ஐம்பதாயிரம் பேர் இல்லை. 1989 கணக்கெடுப்பில் சுமார் 1,64,000 பேர் இருந்தார்கள், 2002-இல் 53,824, 2010-இல் 50,526, 2021-இல் 47,490. சோவியத் ஆட்சி முடிந்ததும், வடபுலத்துக்கான கூடுதல் சம்பளத்தை நம்பி வந்திருந்த சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். 1993-இலும் 1995-இலும் இங்கு வென்ற தத்தியானா நெஸ்தெரென்கோவுக்கு வாக்களித்த சமூகமும், 2003-இல் இரினா பன்சென்கோவைத் தேர்ந்தெடுத்த சமூகமும் அளவிலேயே வேறு. எனவே வாக்கு விழுக்காட்டை மட்டும் வரைபடமாகப் போடாதீர்கள். சில நூறு வாக்குகள் இடம் மாறினாலே இங்கு விழுக்காடு பெரிதாக ஆடும். வாக்கு எண்ணிக்கையையும் அருகில் தாருங்கள்.

வாக்குப்பதிவு தேதியைக் குறிப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. எளிதில் சென்றடைய முடியாத இடங்களில் 20 நாட்களுக்கு முன்பே வாக்குப்பதிவைத் தொடங்க ரஷ்யச் சட்டம் அனுமதிக்கிறது. கலைமான் மேய்ப்பவர்களின் முகாம்களுக்கு அலுவலர்கள் முத்திரையிட்ட வாக்குப்பெட்டியுடன் ஹெலிகாப்டரிலோ பனிநிலத்தில் ஓடும் சங்கிலிப்பட்டை வண்டியிலோ போய்ச் சேருகிறார்கள். பெட்டி அங்கு போய்விட்டு வருவதை மேற்பார்வையிட எத்தனை சுயேச்சைப் பார்வையாளர்களால் கூடவே போக முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த உதவி மையங்களைப் பற்றி. ‘ரஷ்யத் தேர்தல் ஆணையத்தின் அசல் தரவு’ என்று சொல்லி அவர்கள் விற்பது, யாரோ இலவசமாகத் தொகுத்து வைத்ததை நகலெடுத்து, தலைப்பை மட்டும் மாற்றிய தாள்களே. மூலமொழியில் ஒரு வரிகூடச் சரிபார்ப்பதில்லை. பிழை வெளியானால் கையொப்பமிட்ட மாணவர்தான் மாட்டிக்கொள்வார், மையத்தின் பெயர் எங்கும் வராது. வாக்குச்சாவடி வாரியான அட்டவணை வேண்டுமென்று அடம்பிடித்து, அதைப் பெறும் வழியைச் சொல்லித் தராத நம் பல்கலைக்கழக நடைமுறையும் இந்த வியாபாரத்துக்குத் துணைபோகிறது. ரஷ்ய ஆணையமாவது ஒத்துழைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2021 தேர்தலில் அதன் இணையதளம் எண்களுக்குத் தனி எழுத்துருவைப் புகுத்தியது. திரையில் சரியாகத் தெரியும் எண்ணை நகலெடுத்து ஒட்டினால் வேறு குறிகள் வந்து விழும். பொதுமக்களுக்கான தகவலைப் பொதுமக்களே எடுத்துக்கொள்ள முடியாதபடி செய்வதற்கு இவ்வளவு உழைப்பு! ஆகவே 2021 எண்களை நகலெடுக்காமல், திரையைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள். அந்தப் பக்கத்தைப் படமாகச் சேமித்துப் பின்னிணைப்பில் வையுங்கள்.

உங்கள் அட்டவணையை 1993, 1995, 1999, 2001 இடைத்தேர்தல், 2003 என்று தனித்தனி வரிகளாக அமைத்து, அதன் கீழ் தொகுதி முறை இல்லாத இரு தேர்தல்களையும் ஒரே குறிப்பாகத் தாருங்கள். பிறகு 2016-க்கு வாலெந்தினா ருத்சென்கோ, மூன்று நாள் வாக்குப்பதிவு நடந்த 2021-க்கு எலேனா எவ்தியுகோவா. இருவரும் ஐக்கிய ரஷ்யா கட்சியினர். எண்ணுக்குத் தனி நெடுவரிசை வைத்து, 2003 வரை 223 என்றும் 2016 முதல் 224 என்றும் எழுதிவிட்டால் நெறியாளர் அதைப் பற்றிக் கேட்க வாய்ப்பில்லை.