கட்டி முடித்த கடனுக்கு சிபிலில் பாக்கி

கேள்வி: பைக் லோனை 2021-லேயே கட்டி முடித்து என்.ஓ.சி.யும் (கடன் பாக்கியில்லை என்ற சான்று) வாங்கிவிட்டேன். இப்போது வீட்டுக் கடனுக்குப் போனால், சிபிலில் 4,850 ரூபாய் பாக்கி என்கிறார்கள். பத்தாயிரம் கொடுத்தால் சரிசெய்து தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம். ரிப்போர்ட்டில் உள்ள பிழையைத் திருத்தக் கோரும் புகாரை, அதாவது டிஸ்ப்யூட்டை, பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. உங்கள் பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொண்டு அவர் நிரப்பப்போவதும் அதே ஆன்லைன் படிவத்தைத்தான்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹை மார்க் ஆகிய கடன் தகவல் நிறுவனங்கள் நான்குமே ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

டிஸ்ப்யூட்டில் பலர் சறுக்குவது ஓர் இடத்தில்தான். கோபத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்பதைத் தேர்வு செய்துவிடுவார்கள். கடன் கொடுத்த கம்பெனி 'அவருடையதுதான்' என்று பதில் அனுப்பும். புகார் முடிந்துவிடும், பாக்கி அப்படியே நிற்கும். நீங்கள் மறுக்க வேண்டியது நிலுவைத் தொகை, கெடு தாண்டிய தொகை, கணக்கு முடிந்த தேதி ஆகியவற்றை. கடன் முடிந்த பிறகும் ரிப்போர்ட்டின் மாதவாரிக் கட்டங்களில் தாமத நாட்கள் ஏறியிருந்தால் அவற்றையும் நீக்கச் சொல்லிக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பாக்கி பூஜ்யமாகியும் ஸ்கோர் ஏறாமல் கிடப்பதற்கு இந்தக் கட்டங்களே காரணமாக இருக்கலாம்.

கடன் கொடுத்தவர் உறுதிசெய்யாமல் சிபில் எதையும் மாற்றாது. அதனால் அதே நாளில் ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும் மெயில் அனுப்புங்கள். லோன் எண், என்.ஓ.சி. நகல், கடைசித் தவணை ரசீது, சிபில் ரிப்போர்ட்டின் கன்ட்ரோல் எண் (அந்த ரிப்போர்ட்டின் அடையாள எண்) எல்லாம் அதில் இருக்கட்டும். கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டையும் கேளுங்கள். இப்படிச் சில்லறையாக நிற்கும் தொகை பெரும்பாலும் பழைய பவுன்ஸ் சார்ஜோ அபராத வட்டியோதான். எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கம்பெனிக்கு விவரம் அனுப்ப 21 நாள்தான் அவகாசம். அது தவறினால் அவர்கள் தர வேண்டும், அவர்கள் அனுப்பியும் சிபில் தாமதித்தால் சிபில் தர வேண்டும். அப்போதும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

கேள்வி: கிரெடிட் கார்டு பாக்கியில் பாதியைக் கட்டி செட்டில்மென்ட் செய்தேன். 'செட்டில்டு' என்று இருப்பதை டிஸ்ப்யூட் போட்டு நீக்க முடியுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: முடியாது, அது பிழையே இல்லை. தள்ளுபடியான மீதியைக் கட்டத் தயார் என்று வங்கிக்கு எழுதுங்கள். 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தெரிவிப்பதாக எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இருமுறையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்கு விவரம் அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பாருங்கள்.